பத்து வயதுக்கு 120 சரியா?

எங்கள் காலத்தில் எடை பார்ப்பது என்றால் அது ரயில்வே பிளாட்பாரத்தில்தான். காசு போட்டால் கலர் விளக்குகள் சுழலும், உள்ளே ஏதோ கடகடக்கும், பிறகு ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமோ நடிகர் படமோ அச்சடித்த அட்டை வந்து விழும். முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சி ஜங்ஷனுக்கு வரும்போது அந்த அட்டைக்காக அண்ணனோடு சண்டை போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களை நிறுத்தி எடை பார்த்ததாக ஞாபகம் இல்லை. ரத்த அழுத்தம் என்ற பேச்சே கிடையாது. அது பெரியவர்களுக்கு, அதிலும் உட்கார்ந்து சாப்பிடுகிற வசதி உள்ளவர்களுக்கு வருகிற சமாசாரம் என்று நினைத்திருந்தோம். கிராமத்துப் பிள்ளைக்கு அது வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெட்டி, வாகன் பராமரிப்பிலேயே 39 வருஷம் ஓட்டி, 2019ல் ஓய்வு பெற்றுப் புனேயிலேயே தங்கிவிட்டேன். அந்தப் பழைய எண்ணம் மட்டும் 2024 ஜனவரி வரை என்னோடு பத்திரமாக இருந்தது. அது உடைந்த கதையைத்தான் நம் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் டாக்டர் அல்ல. அளக்கிற கருவிகளோடு வாழ்ந்தவன், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு டாக்டரம்மா, மராட்டியர், மாதம் ஒரு ஞாயிறு கிராமங்களுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து வருவார். "காகா, சும்மாதானே இருக்கிறீர்கள், பெயர் எழுதவாவது வாருங்களேன்" என்று கூப்பிட்டார். நானும் இன்னொரு ஓய்வு பெற்ற நண்பரும் கிளம்பினோம். புனேக்குக் கிழக்கே, கரும்பு விளைகிற பூமி. ஜில்லா பரிஷத் பள்ளி. ஓடு வேய்ந்த நீளமான கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம்.

பெயர் எழுதுவதோடு நிறுத்தியிருக்கலாம். என் மனைவிக்காக வாங்கிய டிஜிட்டல் பி.பி. மிஷினைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். டாக்டரம்மாவிடமும் ஒன்று இருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பெண் பிள்ளைகள் என் மேஜைக்கு, பையன்கள் நண்பரின் மேஜைக்கு. டாக்டரம்மா உள்ளே கண், பல், இதயம் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரத்தில் நாற்பது பிள்ளைகளை முடித்துவிட்டோம். ஷெட்டில் ரேக் முடித்துக் கொடுத்த மாதிரி ஒரு திருப்தி.

என் பட்டியலில் எல்லாருக்கும் 'நார்மல்' என்று டிக் அடித்திருந்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு 118/76 வந்தது. 120/80க்குக் கீழே, பிறகென்ன? எனக்கு அப்படி வந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன். நண்பரின் பட்டியலில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. பன்னிரண்டு வயதுப் பையன், கரும்புத் தோட்டம் வைத்திருப்பவரின் மகன், 148 சென்டிமீட்டர் உயரம், 56 கிலோ. 126/80. கூட வந்திருந்த அவன் தாயாரிடம் நண்பர் "பையனுக்கு பி.பி. இருக்கிறது" என்று சொல்லியும் விட்டார். அந்த அம்மாள் முகம் வெளுத்துப் போயிற்று.

டாக்டரம்மா வெளியே வந்து இரண்டு பட்டியலையும் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த மிஷின்களைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பையிலிருந்து தையற்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு டேப்பை எடுத்து அந்தப் பையனின் மேல்கையை அளந்தார். 27 சென்டிமீட்டர். அந்தப் பத்து வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு அளந்தார். 16.

"காகா, உங்கள் மிஷின் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை என்று அச்சடித்திருந்தது. நான்கு வருஷமாக வீட்டில் இருக்கும் மிஷின். ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. நண்பர் வைத்திருந்தது சின்னக் குழந்தைகளுக்கான பட்டை. பையனின் கையில் அதைப் பிதுங்கப் பிதுங்கச் சுற்றியிருக்கிறார்.

டாக்டரம்மா செய்தது ஒன்றுதான். இரண்டு பட்டைகளையும் மாற்றினார். இருவரையும் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைத்து, முதுகு சாய, பாதம் தரையில் பதிய, வலது கையை மேஜை மேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து மறுபடி எடுத்தார். பையனுக்கு 110/70. பெண்ணுக்கு 126/84.

இதில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை ரயில்வேக்காரர்கள்தான் முழுதாகப் புரிந்துகொள்வார்கள். நான் சேர்ந்த காலத்தில் வேக்குவம் பிரேக். பாசஞ்சர் வண்டிக்கு இன்ஜினில் 53 சென்டிமீட்டர், கடைசியில் கார்டு வண்டியில் 47 காட்டினால்தான் புறப்படலாம். பிறகு ஏர் பிரேக் வந்தது, பிரேக் பைப்பில் 5 கிலோ. கேஜ் சரியாக இருக்கிறதா என்று சோதித்த தேதி இல்லாவிட்டால், அது காட்டுவதை நாங்கள் ஏற்கவே மாட்டோம். எந்த வண்டிக்கு எந்த அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பட்டையையும், என் வயதுக்கான அளவையும் வைத்து டிக் அடித்திருக்கிறேன். தப்பு ஒன்றல்ல, இரண்டு.

முதல் தப்பு பட்டை. உள்ளே காற்று நிரம்பும் பையின் அகலம் கையின் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். நீளம் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் வரை சுற்ற வேண்டும். 16 சென்டிமீட்டர் கைக்கு ஆறரை சென்டிமீட்டர் அகலப் பை போதும். பெரியவர்களுடையது கிட்டத்தட்ட அதற்கு இருமடங்கு. பை பெரிதாக இருந்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும், சிறிதாக இருந்தால் கூடுதலாகக் காட்டும். மெலிந்த பெண்ணின் நோய் மறைந்ததும், பருத்த பையனுக்கு இல்லாத நோய் ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான்.

இரண்டாவது தப்பு 120. பிள்ளைகளுக்கு ஒரே எண் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, உயரம் மூன்றையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உயரமான பிள்ளைக்குச் சற்றுக் கூடுதல் இருப்பது இயற்கை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017ல் வெளியிட்ட நெறிமுறையில் முதல் சலிப்புக்கென்று ஒரு சுருக்க அட்டவணை இருக்கிறது. டாக்டரம்மா அதை லேமினேட் செய்து வைத்திருந்தார், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஐந்து வயதில் பையனுக்கு 103/63, பெண்ணுக்கு 104/64. பத்து வயதில் 108/72, 109/72. பன்னிரண்டில் 113/75, 114/75. பதின்மூன்றிலிருந்துதான் பெரியவர்கள் மாதிரி 120/80. இந்த அளவைத் தொட்டாலே நோய் என்று அர்த்தமில்லை. உயரத்தோடு ஒப்பிட்டு மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். என் தப்பான பட்டையில் வந்த 118ஐயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சிக்னல் சிவப்பாகத்தான் இருந்தது, நான் பச்சை என்று படித்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 124 சென்டிமீட்டர், 20 கிலோ. பீட் ஜில்லாவிலிருந்து கரும்பு வெட்ட வந்த குடும்பம். தீபாவளி சமயத்தில் மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ சட்டி பானையோடு வந்து, ஆலை அரவை முடியும் மார்ச் வரை வயலோரக் குடிசையில் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். வருகிற இடத்தில் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்கள். நாமும் பிழைக்க ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தான். ஆனால் நமக்கு டிரான்ஸ்பர் சர்டிபிகேட் இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது.

ஒரே நாள் அளவை வைத்து ஒரு குழந்தைக்கு ரத்த அழுத்த நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. வெள்ளைக் கோட்டைப் பார்த்த பயத்திலேயே ஏறும். வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை பார்த்து, மூன்றிலும் கூடுதலாக இருந்தால்தான் முடிவு. மிஷினில் கூடுதலாக வந்ததை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டும் உறுதி செய்ய வேண்டும். அதாவது மார்ச்சுக்குள் இன்னும் இரண்டு தடவை அந்தப் பெண்ணைப் பிடித்தாக வேண்டும். தலைமையாசிரியர் நல்ல மனிதர், பொறுப்பேற்றுக்கொண்டார். இரண்டாம் தடவை 128/86. மூன்றாம் தடவைக்குப் போனபோது அவள் பள்ளிக்கு வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வயலில் இருந்தாள். வரப்பு வழியாகத் தலைமையாசிரியரின் பின்னால் நடந்துபோய், கரும்புக் கட்டின் மேலேயே உட்காரவிடாமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கடன் வாங்கி உட்கார வைத்து எடுத்தோம். 126/86.

"ஆஜோபா, எனக்கு வலிக்கவே இல்லையே, ஏன் திரும்பத் திரும்ப?" என்று கேட்டாள். வலிக்காது என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

மெலிந்த குழந்தைக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால், அதுவும் சின்ன வயதில், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது சிறுநீரகத்தை. பருத்த பிள்ளையின் கதை வேறு. உடம்பில் கொழுப்பு கூடும்போது இன்சுலின் கூடுகிறது, நரம்புகளின் முடுக்கம் கூடுகிறது, சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், அழுத்தம் ஏறும். மெலிந்த பிள்ளையிடம் அந்தக் காரணம் இல்லை. ஆகவே உள்ளே ஏதோ ஒரு பாகம் பழுது. சிறுநீரகமாக இருக்கலாம், அபூர்வமாக மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். வலது கையில் எடுக்கச் சொல்வதும் அதனால்தான். அந்தக் குறுகல் இருந்தால் இடது கையில் குறைவாகக் காட்டி ஏமாற்றக்கூடும்.

மத்திய அரசின் பள்ளிக் குழந்தைகள் பரிசோதனைத் திட்டம் ஒன்று இருக்கிறது. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்று பெயர். 2013 பிப்ரவரியில் இதே மகாராஷ்டிரத்தில், பால்கரில்தான் தொடங்கிவைத்தார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்த்து, கோளாறு இருந்தால் மேல் சிகிச்சைக்கு இலவசமாக அனுப்ப ஏற்பாடு. அரசுப் பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை குழு வரும். கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் சொந்த ஊரில் குழு வரும்போது இங்கே இருப்பார்கள், இங்கே வரும்போது அங்கே இருப்பார்கள். எப்படியோ அதன் மூலமாகவே சீட்டு வாங்கிப் புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். ஒரு சிறுநீரகம் சுருங்கித் தழும்பேறி இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது அடிக்கடி குளிர்காய்ச்சல் வரும், ஊரில் ஊசி போடுவார்கள், நின்றுவிடும் என்று தாய் சொன்னாள். அது சிறுநீர்க் கிருமியால் வந்த காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். சிறுநீர் பின்னோக்கி ஏறி, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு தழும்பு. தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் மற்ற சிறுநீரகம் பிழைக்கும்.

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கு அன்று அழுத்தம் சரியாக இருந்ததே தவிர, எடை சரியில்லை. பள்ளி வாசலுக்கு எதிரே கடை, கூரையிலிருந்து ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020ல் விதி வந்தது. பழக்க தோஷம், நடந்து அளந்து பார்த்தேன். வாசலிலிருந்து 22 எட்டு. பையன் முன்பெல்லாம் தோட்டத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வருவானாம், இப்போது அப்பாவின் மோட்டார் சைக்கிளில். டாக்டரம்மா தாயிடம் சொன்னது இவ்வளவுதான்: "திரும்பும்போதாவது நடக்கவிடுங்கள். அந்தப் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பட்டினி போடாதீர்கள், வளர்கிற பிள்ளை. உயரம் ஏறட்டும், எடை நிற்கட்டும்."

ஒரே வகுப்பறையில் 20 கிலோப் பெண்ணும் 56 கிலோப் பையனும். இது அந்த ஒரு ஊரின் விசித்திரம் இல்லை. 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் குழந்தைகளிடம் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 5 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள்.

மெலிந்தவர்களிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நம் புனேக்கு அருகே உள்ள கிராமங்களில் என்பது இங்கே குடியிருக்கும் பலருக்குத் தெரியாது. கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1993ல் ஆறு கிராமங்களில் தாய்மார்களைப் பின்தொடர்ந்து ஆராயத் தொடங்கினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5. எடை இவ்வளவு குறைந்தும் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது தசைதான். பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. யாக்னிக் தன்னையே உதாரணமாகக் காட்டினார். அவரும் லண்டன் நண்பர் டாக்டர் யுட்கினும் சேர்ந்து எடுத்த படத்தை 2004ல் லான்செட் பத்திரிகை வெளியிட்டது. உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2.

எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குச் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளும் குறைவாக இருக்கக்கூடும். ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் பத்து லட்சம் என்பார்கள், ஆளுக்கு ஆள் மாறும். பிறப்பதற்குச் சில வாரம் முன்பே அவை உருவாகி முடிந்துவிடும், பிறகு புதிதாக ஒன்றும் சேராது. ஸ்பேர் கிடையாது. அப்படிப் பிறந்த பிள்ளை பள்ளி வயதில் வேகமாக எடை போட்டால், இருக்கிற வடிகட்டிகளுக்குச் சுமை கூடும். ஆகவே மெலிந்த பேரனைப் பார்த்து "சதை போடட்டும்" என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்கித் தருவது வைத்தியம் ஆகாது. அவனுக்கு வேண்டியது பருப்பு, முட்டை, பால், ஓட்டம். இந்த விஷயத்தில் நம் ஊர்ச் சத்துணவைக் குறை சொல்ல மாட்டேன். அரை டிரவுசர் காலத்தில் பள்ளியில் உப்புமா வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

சின்ன வயது அழுத்தம் வளர வளரத் தானே இறங்கிவிடாதா என்று நண்பர் கேட்டார். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற சிற்றூர். அங்கே 1973ல் டாக்டர் பெரன்சன் பள்ளிப் பிள்ளைகளின் எடை, ரத்த அழுத்தம் முதலியவற்றை அளக்கத் தொடங்கி, அவர்கள் பெரியவர்களாகும் வரை விடாமல் தொடர்ந்தார். மேல்தட்டில் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் மேல்தட்டிலேயே தொடர்ந்தார்கள். விபத்திலும் மற்றபடியும் இளவயதில் இறந்தவர்களின் ரத்தக் குழாய்களைப் பார்த்தபோது, அழுத்தமும் எடையும் கூடியிருந்தவர்களிடம் கொழுப்புப் படிவு அதிகம் இருந்தது. 1998ல் வெளிவந்த முடிவு இது.

அன்று முதல் என் பையில் மூன்று அளவுப் பட்டைகளும் ஒரு டேப்பும் இருக்கின்றன. நம் சங்கத்து வீடுகள் பலவற்றில் பி.பி. மிஷின் இருக்கிறது. பேரப்பிள்ளை வந்தால் விளையாட்டாகக் கையில் சுற்றிப் பார்க்கிறோம். தயவு செய்து பட்டையில் அச்சடித்த அளவைப் படித்துவிட்டுச் சுற்றுங்கள். எண் கூடுதலாக வந்தால் குழந்தையின் முன்னால் அலறாதீர்கள், மறுநாள் எடுங்கள், பிறகு குழந்தை மருத்துவரிடம் போங்கள். மே மாத லீவில் ஊருக்குப் போகும்போது படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதிய டியூப் லைட்டுக்குப் பதிலாக, பிள்ளைகளுக்கான பட்டைகளும் உயரம் அளக்கும் பலகையும் வாங்கிக் கொடுக்கலாம். பட்டையில் பெயர் எழுத இடம் இருக்காது.

மார்ச்சில் அந்தக் குடும்பம் கிளம்பிப் போயிற்று. மாத்திரைச் சீட்டையும் ஸ்கேன் படத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தலைமையாசிரியர் தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். மழைக்காலம் முழுக்கச் செய்தி இல்லை. மாத்திரை நின்றிருக்கும் என்றே எண்ணிக்கொண்டேன். 2024 நவம்பர் கடைசியில் தலைமையாசிரியர் போன் செய்தார். "வந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்."

போனோம். நான்கு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாள், 23 கிலோ. ஊரில் ஆஷா பணியாளர் மாதாமாதம் மாத்திரை கொண்டுவந்து தந்ததாகத் தாய் சொன்னாள். நான் டேப்பை எடுப்பதற்குள் அவளே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, வலது கையை நீட்டிவிட்டாள். 104/66. என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் வரிசையில் தள்ளிக்கொண்டு நின்ற பையன்களிடம், "ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கடா, இல்லாவிட்டால் ஆஜோபா தப்பாக எழுதிவிடுவார்" என்றாள்.